‘டெர்ரஸ்’: மொட்டைமாடி அல்லாத டெர்ரஸுக்கு என்ன சொல்?

அன்புடையீர்,
இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ராயல் கிரசென்ட் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கட்டடக்கலைஞர் ஜான் வுட் இளையவர் 1767 முதல் 1774 வரை பிறை வடிவில் எழுப்பிய 30 வீடுகள். சுவரோடு சுவர் ஒட்டிய இப்படிப்பட்ட வீட்டு வரிசையை ஆங்கிலத்தில் ‘டெர்ரஸ்’ என்பார்கள். ‘டெர்ரஸ்’ என்று போட்டால் மாணவர் மொட்டைமாடி என்றே படிப்பார். ‘அடுக்குவீடு’ மாடிமேல் மாடி. ‘ஒட்டுவீடு’ ஓட்டுவீட்டின் அச்சுப்பிழையாகத் தெரியும். ‘நிரைமனை’ சரியா?

——

நிரைமனையே சரி. நிரல், நிரப்பு, நிரவல் எல்லாவற்றிலும் இடைவெளியின்மை இருக்கிறது. யாப்பிலும் பாருங்கள்: ஈரெழுத்து இணைந்தால்தான் நிரையசை. இங்கே ஈரில்லம் ஒரு சுவரில் இணைகின்றன.

——

ஐயா, நிரை என்றதும் பிள்ளைகளுக்கு ஆநிரை கவர்தல்தான் நினைவுக்கு வரும். ‘தொடர்வீடு’ போதும். பத்திரங்களில் பொதுச்சுவர் என்று எழுதுகிறோமே, அதுதான் இது. அக்ரகாரத்திலும் அப்படித்தானே?

——

தொடர்வீடு என்றால் இலங்கை மலையக வாசகருக்குத் தோட்டத் தொழிலாளரின் லயன் வரிசைதான் கண்முன் வரும். மனை என்று வையுங்கள்.

——

பொதுச்சுவர் மட்டும் இதை டெர்ரஸ் ஆக்கிவிடாது. முகப்பைப் பாருங்கள். தரைத்தளம் தூணில்லாமல் வெறுமையாக இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு தளங்களை ஒரே வீச்சில் தாங்குவதுபோல் 114 அயோனியத் தூண்கள் (தலையில் சுருள் கொண்ட கிரேக்க வகை). அவற்றின் தலைமேல் எங்கும் முறியாமல் ஓடும் உத்திரப் பட்டை (கொடுங்கை என்று எழுதிவிடாதீர்கள், அது வளைந்திருக்கும்). ஒரு வீடு எங்கே முடிகிறதென்று முகப்பில் தெரியாது. நட்டநடு வீட்டில் மட்டும் தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்க, இடையில் வளைவுச் சன்னல். முழு வரிசைக்கும் நடுவாசல்போல. பின்பக்கம் போனால் உயரம், கூரை, சன்னல் எல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். வுட் வகுத்தது முகப்பை. அதன் பின்னுள்ள வீட்டை வாங்கியவர்கள் அவரவர் கட்டுநரை வைத்துக் கட்டிக்கொண்டார்கள். பல வீடு, ஒரே அரண்மனை முகம்: இதைச் சொல்லாத சொல் பாதிச்சொல். ‘ஒருமுகத் தொடர்மனை’ என் பரிந்துரை.

——

அம்மா, ‘ஒருமுகம்’ என்றால் மனத்தை ஒருமுகப்படுத்துவதல்லவா? மேலும் முகப்பு முழுக்க ஒன்றுபோல் இல்லை: 22ஆம் எண் வீட்டுக் கதவு மஞ்சள். 1970களில் வெள்ளையடிக்கச் சொன்ன நகர நிர்வாகத்தை எதிர்த்து உரிமையாளர் மேல்முறையீட்டில் வென்றார்.

——

கதவின் நிறம் வேறு, முகப்பின் அளவுமுறை வேறு. தூண் ஒன்றை நகர்த்தியிருந்தால் ஒப்புக்கொள்வேன்.

——

தொடர்மனை வினைத்தொகை, தொடரும் மனை என்றும் விரியும். 1774இல் முடிந்த கட்டடம் எப்படித் தொடரும்?

——

ஐயா, ஊறுகாய் இன்னும் ஊறிக்கொண்டா இருக்கிறது?

——

நால்வர் தொடர்மனைக்கு இசைகிறீர்கள். அதையே இடுகிறேன், முதல் முறை வரும்போது ‘ஒரே முகப்புடைய தொடர்மனை’ என்று.

——

கலைச்சொல் பட்டியலில் நிரைமனையையும் சேருங்கள். நான் மாறவில்லை.