லேபிள் இல்லாத கையிருப்பு நூலை டிசைன் வேலைக்கு எப்படி ஒழுங்குபடுத்துவது?

சென்னை_கண்டு:
குரோஷே, நிட்டிங் இரண்டிலும் பேட்டர்ன் எழுதி விற்கிற அளவுக்கு வேலை வந்துவிட்டது. கையிருப்பு நூல்தான் இன்னும் பொழுதுபோக்குக் காலத்து நிலையிலேயே இருக்கிறது. ஒரு ஸ்டீல் பீரோ முழுக்க நூல்: ஈரோட்டிலிருந்து வந்த காட்டன் கோன்கள், அக்ரிலிக் கண்டுகள், கொஞ்சம் மெரினோ கம்பளிச் சிட்டங்கள் (தளர்வான வளையமாகச் சுற்றிய நூல்). பாதிக்கு லேபிள் கிடையாது, இருப்பவற்றிலும் பலவற்றில் எடை மட்டும்தான், மீட்டர் இல்லை. நிறவாரியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கிறது, வேலைக்கு உதவவில்லை.

கேட்க நினைப்பது மூன்று. லேபிள் இல்லாத நூலை எப்படி வகைப்படுத்துவது? ஒரு டிசைன் தொடங்கும் முன்பே "இது போதும்" என்று எப்படிக் கணக்கிடுவது? கடலோர ஈரப்பதத்தில் எப்படிப் பாதுகாப்பது? ஸ்கேலில் சுற்றி அங்குலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது.

தராசு:
சுற்றி எண்ணும் முறையை விட்டுவிடுங்கள். இழுத்துச் சுற்றினால் ஒரு எண், தளர்த்திச் சுற்றினால் இன்னொரு எண். எழுதிவைக்க வேண்டியது 100 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்பது.

0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. 10 மீட்டர் டிகே (நடுத்தரத் தடிமன்) நூல் 4.6 கிராம் இருந்தால் அது 4 அல்லது 5 என்று காட்டும், அந்தப் பிழை ஒரு ஸ்வெட்டரில் ஒரு கண்டு நூல் வரை போய் நிற்கும். நூலை இழுக்காமல் மேசைமேல் கிடத்தி 5 மீட்டர் அளந்து வெட்டி நிறுங்கள். 5 மீட்டர் 2.35 கிராம் என்றால் 100 கிராமுக்கு 213 மீட்டர்.

பொதுவாக 350 முதல் 450 மீட்டர் வரை ஃபிங்கரிங் என்ற மெல்லிய நூல் (இங்கே 4 ப்ளை என்று விற்பது ஏறக்குறைய இதுதான்), 200 முதல் 250 வரை டிகே, அதற்குக் கீழே தடித்த வகைகளான வொர்ஸ்டெட், பல்க்கி. ஆனால் இந்த எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பருத்தியின் அடர்த்தி 1.54, கம்பளி 1.31, அக்ரிலிக் 1.17. ஒரே தடிமனில் இருந்தாலும் அக்ரிலிக் 100 கிராமுக்குக் கூடுதல் மீட்டர் தரும், காட்டன் குறைவாகத் தரும். 280 மீட்டர் அக்ரிலிக் டிகேயாகவே பின்னலாம். அதே 280 மீட்டர் காட்டன் என்றால் டிகேயைவிட மெலிசு. ஆகவே நூலை முதலில் நார் வகைப்படி பிரியுங்கள், மீட்டர்படி அடுக்குவது அதற்கு அப்புறம்.

நார் வகை தெரியாதவற்றுக்கு எரிப்புச் சோதனை. 10 செ.மீ. துண்டை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின்மேல் வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் எரிவதுபோல எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு தயங்கி எரிந்து, தீயை எடுத்ததும் அணையும், மிஞ்சுவது விரலில் நசுங்கும் கரி. அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் நசுங்காத கருப்பு மணியாக நிற்கும். நாற்றமும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்பு நூல்.

"போதுமா" என்பதற்கு ஸ்வாட்ச்தான் (பின்னிப் பார்க்கும் மாதிரித் துண்டு) பதில், அதையும் நிறுக்க வேண்டும். 10 செ.மீ. ஸ்வாட்ச் சிறியது, ஓரங்களின் எடை கணக்கைக் கெடுக்கும். 15 × 15 பின்னுங்கள், துவைத்து உலர்த்தி அளந்து நிறுங்கள். 225 சதுர செ.மீ. 7 கிராம் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை ஸ்வெட்டர் ஒன்றுக்கு முன், பின் இரண்டும் 32 × 40, கைகள் சராசரி 22 × 30. மொத்தம் 3,880 சதுர செ.மீ. அதை 225ஆல் வகுத்து 7ஆல் பெருக்கினால் 121 கிராம். கழுத்து, ரிப் (இழுபடும் ஓரப் பின்னல்), பொத்தான் பட்டி, மிச்ச வால்கள் எல்லாவற்றுக்குமாக 15 சதவீதம் கூட்டினால் 140 கிராம். இது உடுப்புக்கு மட்டும். டிசைனருக்கு ஸ்வாட்ச் இரண்டு, பிரித்துப் பின்னும் ஒரு கை, எல்லாம் அதே லாட்டில் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியில்) வேண்டும். 180 கிராம் இல்லாமல் அந்த டிசைனைத் தொடங்காதீர்கள்.

குரோஷேக்கும் இதே கணக்குத்தான். ஒரே பரப்புக்கு குரோஷே கூடுதல் நூல் தின்னும் என்பதால் நிட்டிங் ஸ்வாட்ச் எடையை அதற்குப் போடாதீர்கள், தனி ஸ்வாட்ச். பேட்டர்னில் "5 கண்டு" என்று எழுதவும் வேண்டாம். வாங்குபவர் ஊரில் அந்த நூல் கிடைக்காது, கிடைத்தாலும் கண்டின் எடை மாறியிருக்கும். மீட்டர் எழுதுங்கள், மற்ற அளவுகளுக்குப் பரப்பு விகிதத்தில் கணக்கிட்டு 10 சதவீதம் சேருங்கள்.

ஈரோட்டு இழை:
தராசு சொன்னதுல காட்டன் கோனுக்கு மட்டும் ஒரு குறுக்கு வழி இருக்குங்க. கோன் உள்பக்கத்துலயோ அட்டையிலயோ 2/20, 2/40, 20ன்னு கவுண்ட் எழுதியிருக்கும். ஒரு பவுண்டுல 840 கஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை வருதோ அதுதான் கவுண்ட். நமக்குத் தோதா மாத்தினா: கவுண்டை இழை எண்ணிக்கையால வகுத்து 1.69ஆல பெருக்கினா கிராமுக்கு இத்தனை மீட்டர்.

2/20ன்னா 20ஆம் நம்பர் இழை ரெண்டு முறுக்கினது. 20ஐ 2ஆல வகுத்தா 10, கிராமுக்கு 16.9 மீட்டர், ஒரு கிலோ கோன்ல கிட்டத்தட்ட 16,900 மீட்டர். இதை நாலு சேர்த்துப் பிடிச்சா 100 கிராமுக்கு 423 மீட்டர், ஃபிங்கரிங். எட்டு சேர்த்தா 212, டிகே. ஒரே கோனை வெச்சுக்கிட்டு மூணு தடிமன் எடுக்கலாங்கறதால டிசைன் வேலைக்கு இதைவிட வசதி கிடையாது. நிறத்தையும் கலந்துக்கலாம், அஞ்சு இழை நீலம் மூணு வெள்ளைன்னு.

கஷ்டம் எங்க வரும்னா, முறுக்காம சேர்த்துப் பிடிச்ச நூல்ல குரோஷே ஊசி இழை நடுவுல குத்தும். கூர் முனை ஊசி வேண்டாம், முனை உருண்டையா இருக்கறதை எடுங்க. எல்லா இழையும் ஒரே இழுப்புல வரணும், ஒண்ணு தளர்ந்தா துணி மேல சின்ன வளையமா எட்டிப் பார்க்கும். எட்டு கோன் இல்லைன்னா ராட்டையில தேவைக்குச் சின்னச் சின்னக் கண்டாச் சுத்தி ஒரு வளையத்து வழியா எடுங்க.

ஒத்தை இழைக் கோன், அதாவது வெறும் 20ன்னு இருக்கறது, அப்படியே சேர்த்துப் பின்னினா துவைச்ச பிறகு துணி ஒரு பக்கமா சாயும். ஒரே திசையில முறுக்கினது, எதிர் முறுக்கு இல்லை, அதான் காரணம். 2/20 மாதிரி இரட்டை இழை வாங்குங்க.

சாயம் போடாத கிரே நூல்ல பருத்தியோட இயற்கை மெழுகு அப்படியே இருக்கும், தண்ணியில போட்டா மிதக்கும். வெந்நீர், சோப்பு, கொஞ்சம் வாஷிங் சோடா போட்டுக் கொதிக்க வெச்சாத்தான் மெழுகு போகும், அப்பத்தான் சுருங்க வேண்டியது சுருங்கும். சுருங்காத ஸ்வாட்ச்ல கேஜ் (குறிப்பிட்ட அளவுக்குள்ள எத்தனை கண்ணி, வரிசைங்கற கணக்கு) எடுத்து பேட்டர்ன் எழுதினா வாங்குறவங்க முதல் துவைப்புலயே திட்டுவாங்க.

நீலகிரி_ஊசி:
பாதுகாப்புக்கு வருவோம். உங்கள் கையிருப்பில் பெரும்பகுதி காட்டனும் அக்ரிலிக்கும். அந்துப்பூச்சியின் புழு தின்பது கெரட்டின், அதாவது கம்பளி, முடி. சுத்தமான காட்டனை அது சீண்டாது. காட்டனுக்கு எதிரி பூசணமும் ராமபாணப் பூச்சியும். ராமபாணத்துக்குக் கஞ்சியும் காகிதமும் பிடிக்கும், எனவே லேபிளை நூலோடு போட்டு வைக்காமல் படம் எடுத்துவிட்டு, எண் எழுதிய துணிப் பட்டையைக் கட்டுங்கள்.

மெரினோ மட்டும் தனி. அடைத்த கவரில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது, அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல்மேல் நீர் பூக்கும். புதிதாக வாங்கும் கம்பளி எதுவானாலும் பீரோவுக்குப் போகும் முன் இந்தக் கட்டத்தைத் தாண்டட்டும். வேப்பிலை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், காய்ந்த இலை உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது.

சென்னை ஈரத்துக்கு ஒளி ஊடுருவாத, இறுக்க மூடும் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள், நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் உலர்த்தித் திரும்பப் போடலாம். நீல வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, வீட்டில் தவிர்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஈரம் ஏறிய நூலைப் பெட்டிக்குள் அடைத்தால் பூசணத்தை நாமே வளர்க்கிறோம், காய்ந்த நாளில் அடையுங்கள். பீரோ வெளிச்சுவரை ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு கை இடைவெளி விடுங்கள்.

ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம், நம் வெயிலில் உருகி நூலோடு ஒட்டும். சிட்டத்தை நான்கு இடத்தில் காட்டன் நூலால் எட்டு வடிவில் கட்டுங்கள். சிட்டத்தைப் பின்னும் நாள் வரை கண்டாகச் சுற்றாதீர்கள். இறுக்கிச் சுற்றிய கம்பளி நீண்டே கிடக்கும், கேஜ் பொய் சொல்லும், துவைத்ததும் சுருங்கும்.

ஈரோட்டு இழை:
காத்து உறிஞ்சுற பை போட்டா இடம் பாதியாக் குறையுமே?

நீலகிரி_ஊசி:
காட்டன் கோனுக்கும் அக்ரிலிக்குக்கும் சில மாதம் பரவாயில்லை. கம்பளியை வருஷக்கணக்கில் நசுக்கி வைத்தால் உப்பல் குறையும், நீராவி காட்டி மீட்க வேண்டிவரும். அதைவிட, பையில் மாட்டிய ஈரத்துக்கு வழி கிடையாது. வீடு மாற்றும்போது சரி, நிரந்தரமாக வேண்டாம்.

சென்னை_கண்டு:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு துணைக் கேள்விகள். ஒரே ஷேடில் ஏழு கண்டு அக்ரிலிக், லாட் எண் இரண்டு விதம், வெளிச்சத்தில் பார்த்தால் லேசான வித்தியாசம். ஒரே உடுப்பில் போடலாமா? இன்னொன்று, பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய மென்மையான நூல் ஒரு பை. குழந்தைப் போர்வைக்கு எடுக்கலாமா?

தராசு:
லாட்: போடலாம், ஆனால் ஒன்று தீர்ந்து மற்றது தொடங்கக் கூடாது, மாறும் இடம் கோடாகத் தெரியும். இரண்டு லாட்டிலிருந்தும் ஆளுக்கு இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள், வட்டமாகப் போகும் குரோஷேயில் ஒரு சுற்று ஒரு லாட், அடுத்த சுற்று மற்ற லாட். அதற்குப் பொறுமை இல்லையென்றால் குறைவாக இருக்கும் லாட்டை ரிப்புக்கும் கழுத்துக்கும் ஒதுக்குங்கள், பின்னல் வகை மாறும் இடத்தில் நிழல் எப்படியும் மாறுவதால் கண் பிடிக்காது. பேட்டர்ன் படத்துக்கான மாதிரிக்கு மட்டும் ஒரே லாட். கேமரா மன்னிக்காது.

அடர் சிவப்பு, கருநீலம் கலந்தால் சாயச் சோதனையும் செய்யுங்கள்: ஈரமான வெள்ளைத் துணியில் சுற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். காட்டன் சாயத்தை வினிகர் கட்டாது. வினிகர் பலிப்பது கம்பளி, நைலானுக்குப் போடும் அமிலச் சாயத்தில்.

நீலகிரி_ஊசி:
அந்தப் பையைக் குழந்தைப் போர்வைக்கு எடுக்காதீர்கள். பாச்சை உருண்டையின் நாப்தலின் நூலில் ஏறி மெதுவாக ஆவியாகிக்கொண்டிருக்கும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள பச்சிளங் குழந்தைக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டு விடும். குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. பெரியவர்களுக்கான பையோ மேசை விரிப்போ செய்வதானால், கண்டைப் பிரித்துச் சிட்டமாக்கி நிழலில், காற்றோட்டத்தில், நாற்றம் முற்றும் போகும்வரை பல நாள் தொங்கவிட்டு, சோப்பு நீரில் அலசுங்கள். அந்தப் பை இருந்த தட்டையும் துடைத்துக் காற்றாட விடுங்கள், பக்கத்துப் பெட்டி நூலிலும் வாடை ஏறியிருக்கும்.