குடியிருப்புச் சுவரில் வானம்: தேவையா, தாங்குமா?

நீலமலர்:
சென்னையில் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெரு ஓவிய அமைப்பும் ஏசியன் பெயிண்ட்ஸும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையவைத்தார்கள். அதுமாதிரி அடுத்த சுவர் கிடைத்தால் வானம்தான் வரையவேண்டும் என்பது என் கட்சி. சுமார் 200 சதுர அடி வீட்டில் ஒரு குடும்பமே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக். அந்தச் சுவரில் மேலே அடர்நீலம், இறங்க இறங்க வெளுப்பு, அடியில் நெருக்கியடித்த மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், துணிக்கொடிகள்.

சாரம்கட்டி:
ஆசை நியாயம்தான், சுவர் ஒத்துக்காது. இந்த பிளாக்குகளில் கழிவறைக் குழாய் சுவரை ஒட்டித்தான் இறங்கும். மூட்டு கசிந்தால் ஓதம் ஏறும், உப்பு பூக்கும், பெயிண்ட் கொப்பளித்து உரியும். முகமோ கட்டடமோ வரைந்திருந்தால் ஒரு கோடு வரைக்கும் சுரண்டி மறுபடி அடிச்சுடலாம். படிப்படியா வெளுக்கிற வானத்தில் கோடு எங்கே இருக்கு? பழைய நீலம் வெயிலில் மங்கியிருக்கும், புதுசு பளிச்சுனு நிற்கும். ஒரு தட்டு அளவு ஒட்டு போட்டாலும் நூறடி தூரத்திலிருந்து தெரியும்.

நீலமலர்:
குழாயைச் சரிசெய்யாமல் எதை வரைந்தாலும் உரியும்; அது வானத்தின் குற்றமல்ல. புதுப்பூச்சு என்றால் 28 நாள் ஆறவிடுங்கள். உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகத் தட்டியெடுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். வெடிப்பை அடைத்து வெளிச்சுவர் பிரைமர் அடியுங்கள்.

30 அடி அகலம், 25 அடி உயரம் என்றால் 750 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 50–60 சதுர அடி என்றால் 15 லிட்டர் வைத்துக்கொள்ளலாம். ஐந்து நிற வாளி, ஒவ்வொன்றும் ஐந்தடிப் பட்டை. கடை மெஷினில் கலந்து நிறக் குறியீட்டை எழுதி வாங்கினால் பின்னால் ஒட்டுப்போட அதே நிறம் கிடைக்கும். வெள்ளையில் ஸ்டெயினரை, அதாவது நிறச் சாயத்தை, ஊற்றி ஊற்றி அடர்நீலம் வரவைக்கவே கூடாது, படலம் உரமிழந்து தூளாக உதிரும். அதற்கு டீப் பேஸ் என்று அடர்நிறத்துக்கான அடிப்படைப் பெயிண்ட் இருக்கிறது.

சாரம்கட்டி:
கலக்கிற இடத்தை விட்டுட்டீங்களே. ரெண்டு நிறமும் ஈரமா இருக்கும்போதே ஆறங்குலப் பிரஷ்ஷை லேசா நனைச்சு குறுக்கே இழுக்கணும். சென்னை வெயிலில் ரோலர் நகர்றதுக்குள்ள ஓரம் காய்ஞ்சு பட்டை பட்டையா நிக்கும். கிழக்குச் சுவர் மதியத்துக்கு மேல, மேற்குச் சுவர் காலையில. நிறம் சேர்ற இடம் சாரப் பலகை மட்டத்தில் வந்தால் அங்கே கை எட்டாது. நெஞ்சு உயரத்துக்கு வர்ற மாதிரி முதலிலேயே அளந்து கட்டணும். மூணு பேர் இல்லாம இது நடக்காது. அதுக்குத்தான் சொல்றேன், பட்டைகளை ஒளிக்காம தெளிவான விளிம்போட விடுங்க. ரிப்பேரும் சுலபம்.

தெருக்கோடி:
ரெண்டு பேரும் பார்ப்பவர் எங்கே நிற்கிறார்னு பேசவே இல்லை. 15 அடிச் சந்தில், 40 அடி உயரச் சுவருக்கு எதிர்ப்புறம் நின்றால், உச்சியிலுள்ள பத்தடி கீழ்ப் பத்தடியில் ஐந்தில் ஒரு பங்காகத்தான் கண்ணுக்குப் படும். அவ்வளவு கஷ்டப்பட்டு மேலே அடித்த நீலம் நடப்பவருக்கு ஒரு கீற்று. வானத்தைக் கீழே இறக்குங்க, நெரிசலான ஊர் மேலே தொங்கட்டும்.

இன்னொன்று, இரவு வானம் மட்டும் வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவரில் கருநீலம் அடித்தால் வெயிலை உறிஞ்சி, பின்னால் இருக்கிற அறை சாயங்காலம் தாண்டியும் தகிக்கும். படம் பார்க்க வருபவர் போய்விடுவார், அந்த அறையில் தூங்குகிறவர் எங்கே போவார்?

நீலமலர்:
கருநீலம் வேண்டாம் என்பது சரி, நான் கேட்பது பகல் வானம்தான். ஆனால் சந்தில் நடப்பவருக்காக மட்டும் சுவர் இல்லை. எதிர் பிளாக் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு அந்த உச்சி நேர்ப்பார்வை. நாளெல்லாம் பார்க்கப்போவது அவர்கள்.

தெருக்கோடி:
அப்போ அந்த மாடிக்காரர்களிடம்தான் முதலில் கேட்கணும். நிறத்தாளை ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி எதிர்ச்சுவரில் ஒட்டி, காலை வெயிலிலும் மாலை நிழலிலும் காட்டுங்க.

சாரம்கட்டி:
கீழே இறக்கினால் அடி ஐந்தடி பைக் உரசல், போஸ்டர் பசை. வெளிர்நீலத்தில் அத்தனையும் தெரியும். அந்த ஐந்தடிக்கு சாம்பல் நிறம் தனியா வேணும், அதுக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.