வீட்டு வைப்புத்தொகையைத் திருப்பித் தர மறுக்கிறார்: முத்திரையிடாத ஒப்பந்தத்தை வைத்துக் கேட்க முடியுமா?

செந்தூல்வாசி:
அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டை, 2025 மார்ச் முதல் ஓராண்டுக்கு, மாதம் 1,500 ரிங்கிட் வாடகைக்கு எடுத்திருந்தோம். தவணை முடிவதற்கு முன்பே எழுத்து மூலம் அறிவித்து, வாடகைப் பாக்கி எதுவும் இல்லாமல் சாவியை ஒப்படைத்தோம். இரண்டு மாத வைப்புத்தொகையும் மின்சாரம், தண்ணீருக்கான அரை மாதத் தொகையுமாக 3,750 ரிங்கிட் எங்களுக்கு வர வேண்டும். வீட்டுக்காரரோ, வீடு முழுவதும் சாயம் அடிக்க வேண்டும், ஏர்கோண்டை மாற்ற வேண்டும், ஆகவே ஒரு காசுகூட மிஞ்சாது என்கிறார். ரசீது கேட்டால் பதில் இல்லை. வெயில் படும் சுவரில் சாயம் வெளுத்திருப்பது உண்மைதான். சாமி மேடைக்கு மேலே விளக்குப் புகை படிந்து ஒரு முழ அகலத்துக்குக் கறுத்திருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒப்பந்தத்தில் இருவரும் கையொப்பமிட்டோம், ஆனால் முத்திரை வரி செலுத்தவில்லை. அதனால் அந்தத் தாள் எங்கும் செல்லாது என்று அவர் சொல்வது சரிதானா?

பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர்:
சகோதரி, வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அது சரியல்ல. ஒப்பந்தமே செல்லாது என்பதல்ல, முத்திரையிடும்வரை அதை நீதிமன்றம் சான்றாக ஏற்றுக்கொள்ளாது என்பதுதான் 1949ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் நிலை. வரியையும் அபராதத்தையும் கட்டி இப்போதும் முத்திரை பெற்றுவிடலாம். ஓராண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்திற்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் வரி. முதல் 2,400 ரிங்கிட்டுக்கு இருந்த விலக்கு 2025 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டதால், உங்கள் 18,000 ரிங்கிட்டுக்கு 72 ரிங்கிட் வரும். கையொப்பமிட்ட 30 நாளுக்குள் கட்டியிருக்க வேண்டும். அந்தக் கெடு முடிந்து மூன்று மாதங்களுக்கும் மேலாகிவிட்டதால் அபராதம் 100 ரிங்கிட். 3,750 ரிங்கிட்டை மீட்பதற்கு 172 ரிங்கிட் செலவிடுவதில் தயங்க வேண்டாம்.

வீட்டு வாடகைக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுமே பேசும் என்பதால், வைப்புத்தொகை பற்றிய பத்தியை முதலில் நிதானமாகப் படியுங்கள். பிறகு, 14 நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் ஒன்றைப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகை என்பதால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் 198ஆம் எண் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

ஜெலுத்தோங் வீட்டுக்காரர்:
பினாங்கில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் நான். நேர்மையாகச் சொன்னால், அந்தப் புகைக் கறையை நீங்கள்தான் ஏற்க வேண்டும், அம்மா. வெயிலில் சாயம் வெளுப்பது வேறு. மனிதர் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நடக்கும், அதைக் குடியிருந்தவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. ஆகவே, அந்த ஒரு சுவரைத் துடைத்துச் சாயம் பூசச் சாயக்காரர் ஒருவரிடம் எழுத்தில் விலை வாங்கி, அதைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருமாறு கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். கேட்பவர் நியாயமாகத்தான் கேட்கிறார் என்று நீதிமன்றத்துக்கும் தெரியும். ஏர்கோண்ட் எத்தனை ஆண்டு பழையது, என்ன பழுது என்று தொழில்நுட்பர் எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் ஒரு ரிங்கிட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மின்சார, தண்ணீர்க் கடைசி பில் வரும்வரை அரை மாதத் தொகையை மட்டும் நான்கூட நிறுத்திவைப்பேன். பில் வந்தபின் அதைப் பிடித்துவைக்க எனக்கு உரிமை இல்லை.

செந்தூல்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. சுவரைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். குடிபுகுந்த அன்று எடுத்த படங்கள் அனைத்தும் வாட்ஸ்அப்பில்தான் அவருக்கு அனுப்பப்பட்டன. ஏர்கோண்ட் சர்வீஸ் செய்த ரசீதும் அப்படியே. அவை போதுமா?

பிரிக்பீல்ட்ஸ் எழுத்தர்:
மிகவும் பயன்படும். தேதியும் அவருடைய எண்ணும் தெரியும்படி உரையாடலை முழுமையாக அச்செடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வரியையும் வெட்ட வேண்டாம். தொலைபேசியை மாற்றுவதாக இருந்தால், வழக்கு முடியும்வரை பழையதைக் கைவசம் வைத்திருங்கள்.