12 பேர் டீமில் 5 ஸ்னைப்பர்: டிஎஃப்2 சர்வரில் லிமிட் வைக்கலாமா?

கோட்டைவாசல்:

வணக்கம் மக்களே. எங்களோடது டீம் ஃபோர்ட்ரெஸ் 2 (டிஎஃப்2) கம்யூனிட்டி சர்வர். ரெட், ப்ளூன்னு ரெண்டு டீம் மோதுற சுடும் ஆட்டம், ஒவ்வொருத்தரும் ஒன்பது கிளாஸ்ல (பாத்திர வகை) ஒண்ணை எடுத்து ஆடணும். 24 ஸ்லாட், பக்கத்துக்கு 12 பேர். பேட்வாட்டர், அப்வார்ட், ஹார்வெஸ்ட், டூஃபோர்ட் நாலு மேப்பும் மாறி மாறி வரும்.

பேலோட் மேப்ல (ப்ளூ வண்டியைத் தள்ளிட்டுப் போகணும், ரெட் தடுக்கணும்) தாக்குற ப்ளூ பக்கம் நாலஞ்சு பேர் ஸ்னைப்பர் (தூரத்துல இருந்து குறிபார்த்துச் சுடுற கிளாஸ்) எடுத்துடறாங்க. கில் கணக்குல அவங்கதான் மேல நிக்கறாங்க, ஆனா வண்டி முதல் பாயிண்டைத் தாண்ட மாட்டேங்குது. வண்டி தள்ளுறவங்க வெறுத்துப் போய் ரவுண்டு பாதியிலயே கிளம்பிடறாங்க. அதனால ஸ்னைப்பருக்கு லிமிட் போடலாம்னு பேச்சு. 12 பேருக்கு எத்தனை சரியா வரும்? டோர்னமென்ட் கிளாஸ் லிமிட்னு ஒரு செட்டிங் இருக்கே, அதை சர்வர் கன்ஃபிக்ல 2-ன்னு போட்டும் எதுவும் மாறலை, ஏன்? லிமிட் போட்டா மட்டும் டீமா ஆடிடுவாங்களா?

சர்வர்மேஸ்திரி:

முதல்ல செட்டிங். நீங்க சொல்றது டோர்னமென்ட் மோட் ஆன்ல இருந்தா மட்டும்தான் வேலை செய்யும். அதை ஆன் பண்ணா ரெண்டு டீமும் ரெடி கொடுத்தாதான் ஆட்டம் ஆரம்பிக்கும், ஆளுங்க வந்து போய்ட்டே இருக்கிற பப்ளிக் சர்வருக்கு அது ஒத்தே வராது. சோர்ஸ்மாட் (சர்வர் நிர்வாகத்துக்கான கூடுதல் மென்பொருள்) போட்டு, கிளாஸ் ரெஸ்ட்ரிக்ஷன் ப்ளகினைப் போடுங்க. ரெட் பக்கத்துக்கும் ப்ளூ பக்கத்துக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் தனித்தனி எண் கொடுக்கலாம். -1 கொடுத்தா கட்டுப்பாடு இல்லை, 0 கொடுத்தா அந்த கிளாஸையே எடுக்க முடியாது, 2 கொடுத்தா ரெண்டு பேர்.

பின்ன எண்ணும் ஏத்துக்கும். 0.15 கொடுத்தா டீம்ல 15 சதவீதம்னு கணக்கு. இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. கிட்ட இருக்கிற முழு எண்ணுக்கு மாத்திக்கும் என்பதால 12 பேர் இருக்கும்போது 1.8 வந்து 2 ஆகும், 8 பேர்னா 1.2 வந்து 1 ஆகும், 3 பேர் மட்டும் இருந்தா 0.45 வந்து 0 ஆகிடும். சாயங்காலம் சர்வர் நிறைய ஆரம்பிக்கிற நேரத்துல, முதல்ல வந்தவன் ஸ்னைப்பர் கேட்டா "இடமில்லை"ன்னு சொல்லும். டீமே காலியா இருக்கும்போது இப்படி வந்தா ப்ளகின் பழுதுன்னுதான் நினைப்பான். நேரா முழு எண்ணா 2 போடுங்க.

அடுத்தது மேப் கன்ஃபிக். மேப் பேர்லயே ஒரு கன்ஃபிக் ஃபைல் வெச்சா அந்த மேப் ஏறும்போது அது தானா ஓடும். பேட்வாட்டர் ஃபைல்ல 2-ன்னு போட்டுட்டு, டூஃபோர்ட்டுக்கு ஃபைலே வைக்காம விட்டா அந்த 2 அப்படியே டூஃபோர்ட்டுக்கும் தொடரும். பொது சர்வர் கன்ஃபிக் ஒவ்வொரு மேப்புக்கும் திரும்ப ஓடுது இல்லையா, அதுல ரெண்டு பக்கத்துக்கும் -1 எழுதி வெச்சுட்டு, வேணுங்கிற மேப் ஃபைல்ல மட்டும் மாத்துங்க.

நன்கொடை கொடுத்தவங்களுக்கு லிமிட்ல விலக்கு கொடுக்க ப்ளகின்ல வசதி இருக்கு. தயவு செஞ்சு அதை ஆன் பண்ணாதீங்க. ரெண்டு இடமும் நிறைஞ்ச பிறகு மூணாவதா ஒருத்தர் காசு கொடுத்து உள்ள வந்தா, மத்த 11 பேரும் அந்த விதியை அதுக்கப்புறம் மதிக்கவே மாட்டாங்க.

சிவப்புப்புள்ளி:

ஸ்னைப்பர் தரப்புல இருந்து பேச ஒரு ஆள் வேணும்ல. எண்ணிக்கையைக் குறைச்சா வண்டி நகரும்னு நம்புறது தப்பு. வெளிய தள்ளப்பட்ட மூணு பேரும் மெடிக் (மத்தவங்க ஹெல்த்தை ஏத்துற கிளாஸ்) எடுப்பாங்கன்னா நினைக்கிறீங்க? ஸ்பை (வேஷம் போட்டு முதுகுல குத்துற கிளாஸ்) எடுப்பாங்க. ஏற்கெனவே இருக்கிற ரெண்டு ஸ்பையோட சேர்ந்து அஞ்சு. வண்டி நின்ன இடத்துலதான் நிக்கும். லிமிட் போடறதா இருந்தா தாக்குற பக்கம் ஸ்பைக்கும் 2, இன்ஜினியருக்கும் 2 போடுங்க, ஸ்னைப்பரை மட்டும் பிடிச்சு அடிக்காதீங்க.

இன்னொண்ணு, தயவு செஞ்சு 1-ன்னு மட்டும் போட்டுடாதீங்க. எதிர்ப்பக்கம் கை தேர்ந்த ஸ்னைப்பர் ஒருத்தன் இருந்து, நம்ம பக்கம் இருக்கிற அந்த ஒரே இடத்தைப் புதுசா கத்துக்கிறவர் பிடிச்சிருந்தா மொத்த டீமுமே மூலைக்குள்ள முடங்கிடும். சார்ஜ் ஏத்தாத (ஸ்கோப்ல காத்திருந்து குண்டோட பலத்தைக் கூட்டாத) ஹெட்ஷாட்டே 150 டேமேஜ். ஸ்கவுட், இன்ஜினியர், ஸ்பை, ஸ்னைப்பர் நாலு பேருக்கும் 125 ஹெல்த், மெடிக்குக்கு சரியா 150. ஒன்பது கிளாஸ்ல அஞ்சு, ஸ்கோப் போட்டு 0.2 வினாடி கழிச்சு விழுற ஒரே குண்டுல காலி. முழு சார்ஜ் ஹெட்ஷாட் 450, மெடிக் கூடுதல் ஹெல்த் ஏத்திவிட்ட ஹெவியோட மொத்த ஹெல்த்தும் அதே 450. அப்படிப்பட்டவனைப் பதிலுக்கு அடக்க ரெண்டாவது ஸ்னைப்பர் இருந்தே ஆகணும்.

ஹண்ட்ஸ்மேன் வில் எடுக்கிறவரும் ஸ்னைப்பர் கணக்குலதான் வருவார். அவர் வண்டிக்குப் பக்கத்துலயே ஓடுறவர், முழுசா இழுத்த அம்பு உடம்புல 120, தலையில 360. பின்னாடி பாறை மேல உக்காந்திருக்கிறவரையும் இவரையும் கிளாஸ் லிமிட் ஒரே மாதிரிதான் பாக்கும். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க மேஸ்திரி.

டூஃபோர்ட்டைத் தொடாதீங்க. ரெண்டு மாடத்துலயும் நின்னு மாறி மாறிச் சுடத்தான் பாதிப் பேர் அந்த மேப்புக்கே வர்றாங்க.

மருந்துப்பை:

சிவப்புப்புள்ளி சொல்ற 2-ஐ நானும் ஏத்துக்கிறேன், ஆனா காரணம் வேற. வண்டியை ஒரு ஆள் தள்ளினாலே நகரும், மூணு பேர் வரைக்கும் வேகம் ஏறும், அதுக்கு மேல எத்தனை பேர் நின்னாலும் ஏறாது. ஸ்கவுட் ரெண்டு ஆளா கணக்கு. யாரும் தொடாம 30 வினாடி போனா பின்னாடி உருள ஆரம்பிக்கும். இப்ப 12 பேரைப் பிரிங்க. மெடிக் 2, அவங்க ஏத்திவிட்டு முன்னாடி அனுப்புற சோல்ஜர், டெமோ, ஹெவி சேர்த்து 4, பக்கவாட்டுல ஸ்கவுட் 1, பைரோ 1, டெலிபோர்ட்டர் (ஆளைச் சட்டுனு முன்னாடி கொண்டுபோற கருவி) வைக்க இன்ஜினியர் 1. 9 ஆச்சு. மிச்சம் மூணு இடம். அதுல ரெண்டை ஸ்னைப்பருக்குக் கொடுத்தா தாங்கும். அஞ்சைக் கொடுத்தா மெடிக்கும் முன்வரிசையும்தான் குறையும். முன்னாடி நிக்க ஆள் இல்லாட்டி எதிரிங்க தலையை நீட்டவே தேவையில்லை, அப்புறம் அந்த அஞ்சு ஸ்னைப்பருக்கும் சுட ஆள் எங்க கிடைக்கும்?

டீமா ஆடறதுன்னா ஸ்னைப்பருக்கு என்ன வேலைன்னு தெளிவா சொல்லிடறேன், ஏன்னா லிமிட் மட்டும் அதைச் சொல்லித் தராது.

முதல் வேலை எதிரி மெடிக். யூபர் (மெடிக்கும் அவர் பீம் வைக்கிறவரும் கொஞ்ச நேரம் அடிபடாம இருக்கிற சக்தி) முழுசா ஏற 40 வினாடி ஆகும், போட்டா 8 வினாடி நிக்கும். எதிரி மெடிக் செத்தா அவர் சேர்த்து வெச்சது பூஜ்யம். திரும்பப் பிறந்து, நடந்து வந்து, மறுபடி 40 வினாடி ஏத்தணும். நம்ம டீம் முன்னேற வேண்டிய நேரம் அதுதான். ஆனா ஸ்னைப்பர் வாயைத் திறந்து சொல்லாட்டி முன்னாடி நிக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது, கில் வரிசையைப் பாத்துட்டு யாரும் சண்டை போடறதில்லை. "மெடிக் அவுட், போங்க", அவ்வளவு போதும். மைக் இல்லாட்டி சாட்ல அடிக்கலாம், "கோ கோ கோ" வாய்ஸ் கமாண்டும் இருக்கு.

ரெண்டாவது சென்ட்ரி, அதாவது இன்ஜினியர் கட்டுற தானா சுடுற துப்பாக்கி. பேட்வாட்டர் முதல் பாயிண்ட் கூரை மேல லெவல் 3 சென்ட்ரி உக்காந்திருக்குன்னு வைங்க. அதோட எல்லை 1100 யூனிட், ஸ்னைப்பர் அதுக்கு வெளிய நிக்கலாம். எல்லாரும் பண்ற தப்பு, தனியா நின்னு சென்ட்ரியைச் சுட்டுக்கிட்டே இருக்கிறது. அதுக்கு ஹெல்த் 216, முழு சார்ஜ் குண்டு 150. ஒரு குண்டுல சாகாது, அடுத்த முழு சார்ஜ் ஏற ஸ்கோப் போட்டதுல இருந்து மூணு வினாடிக்கு மேல ஆகும், அதுக்குள்ள இன்ஜினியர் ரெஞ்சால தட்டி முழுசாக்கிடுவார். அதனால 125 ஹெல்த் இருக்கிற இன்ஜினியர் சென்ட்ரிக்குப் பின்னாடி இருந்து தலையை நீட்டுற வரைக்கும் காத்திருங்க. அவர் விழுந்ததும் டெமோகிட்ட சொல்லுங்க, ஸ்டிக்கி (ஒட்டிக்கிற வெடிகுண்டு) போட்டு முடிச்சிடுவார். ரேங்ளர் (சென்ட்ரியைக் கையால இயக்கி அதுக்குக் கவசமும் கொடுக்கிற கருவி) கையில வெச்சிருக்கிற இன்ஜினியர்னா இது இன்னும் கட்டாயம். அந்தக் கவசம் இருக்கிற வரைக்கும் சென்ட்ரிக்கு மூணுல ஒரு பங்கு டேமேஜ்தான் போய்ச் சேரும்.

மெடிக்குங்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்னைப்பரைத் தாண்டிப் போகும்போது ரெண்டு மூணு வினாடி பீமை அவர் மேல வைங்க. 125 ஹெல்த் 185 ஆகும், சார்ஜ் இல்லாத 150 ஹெட்ஷாட்டைத் தாங்கிடுவார். ஸ்னைப்பருக்கு ஸ்னைப்பர் நடக்கிற சண்டையில அந்த ஒரு குண்டுதான் எல்லாமே. ரேஸர்பேக் (ஸ்பையோட முதுகுக் குத்தைத் தடுக்கிற கவசம்) மாட்டினவருக்கு இது ஏறாது, அந்தக் கவசம் போட்டா ஓவர்ஹீல் (வழக்கமான அளவுக்கு மேல ஏறுற ஹெல்த்) கிடையாது. ஸ்பை தொல்லை இல்லாத நேரத்துல ரேஸர்பேக்கைக் கழட்டிட்டு ஜராட்டே (எதிரி மேல வீசி நனைக்கிற ஜாடி) எடுத்துட்டு வாங்க. நனைஞ்சவங்க மேல விழுற டேமேஜ் 35 சதவீதம் கூடும், பக்கத்துல நிக்கிற ஹெவிக்கும் ஸ்கவுட்டுக்கும் அது பெரிய உதவி.

நாலாம்படை:

மத்த ஆட்டங்கள்ல இதை எப்படிக் கட்டிப்போட்டிருக்காங்கன்னு பாத்தா விஷயம் இன்னும் தெளிவாகும்.

கால் ஆஃப் டூட்டி 4 ஆட்டத்துக்கு வந்த ப்ரோமாட்ல (போட்டிக்காக மாத்தின வடிவம்) ஸ்னைப்பர் லிமிட் டீமுக்கு 1, டெமாலிஷன் 1, ஸ்பெக் ஆப்ஸ் 2, அசால்ட் கிளாஸ் மட்டும் 64, அதாவது கட்டுப்பாடே இல்லாத மாதிரி. 5 பேர் டீமுக்கான கணக்கு அது. ஹெல் லெட் லூஸ்ல 50 பேர் டீமுக்கு ரெண்டு ரீகான் (வேவு) ஸ்குவாட்தான், ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பாட்டர், ஒரு ஸ்னைப்பர். ஓவர்வாட்ச் 2016 மே மாசம் வந்தப்ப ஒரே ஹீரோவை டீம்ல எத்தனை பேர் வேணும்னாலும் எடுக்கலாம்னு இருந்தது. ஜூலைல காம்பெடிடிவ்ல (தரவரிசைப் போட்டி ஆட்டம்) ஒரு ஹீரோவுக்கு ஒரு ஆள்னு மாத்தினாங்க, அந்த வருஷமே சாதாரண ஆட்டத்துக்கும் அது வந்தது.

கவுண்டர் ஸ்ட்ரைக் வழி வேற. ஏடபிள்யூபி (அந்த ஆட்டத்து ஸ்னைப்பர் துப்பாக்கி) ஆட்டக் காசுல 4750 டாலர், அதுல ஒரு கில் எடுத்தா 100 டாலர்தான் கிடைக்கும், ஏகே மாதிரி ரைஃபிள்ல 300. வாங்கின ஆள் செத்தா துப்பாக்கி எதிரி கைக்குப் போகும். ஒரே டீம்ல மூணு பேர் வாங்கித் தோத்தா அடுத்த ரவுண்டே டீம் பாப்பராகிடும். 2022 நவம்பர்ல மேகசினையும் 10-ல இருந்து 5 ஆக்கினாங்க. அங்க விலையே லிமிட் வேலையைப் பாத்துடுது. டிஎஃப்2-ல கிளாஸ் மாத்த எந்தச் செலவும் கிடையாது. அதனால நிர்வாகிதான் எண்ணை வைக்கணும். டிஎஃப்2 போட்டிகள்லயே ஹைலேண்டர் 9 பேர் ஆட்டத்துல ஒவ்வொரு கிளாஸும் ஒண்ணுதான். 6 பேர் ஆட்டத்துல வழக்கமா ஸ்கவுட் 2, சோல்ஜர் 2, டெமோ, மெடிக்தான், ஸ்னைப்பர் கடைசி பாயிண்டைப் பிடிக்கவோ காக்கவோ இடையில வந்து போவார்.

சிவப்புப்புள்ளி, டூஃபோர்ட் விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அங்க வண்டி இல்லை, அவசரமும் இல்லை.

கோட்டைவாசல்:

எல்லாருக்கும் நன்றி. பேட்வாட்டர், அப்வார்ட் ரெண்டுக்கும் ஸ்னைப்பர் 2, ஸ்பை 2, ஹார்வெஸ்ட்டுக்கும் அதே, டூஃபோர்ட் -1 வைக்கப்போறோம். சந்தேகம் ஒண்ணுதான். ரெண்டு இடத்தையும் ரெண்டு பேர் ராத்திரி முழுக்கப் பிடிச்சு வெச்சுக்கிட்டா? அப்புறம் அந்த ஹண்ட்ஸ்மேன் விஷயம்?

சர்வர்மேஸ்திரி:

இடத்தைப் பிடிச்சு வெச்சுட்டு எழுந்து போறவங்கதான் முதல் தொல்லை. ஐடில் (ஆடாம சும்மா இருக்கிற) நேரத்தை 3 நிமிஷம் வெச்சு, தாண்டினா ஸ்பெக்டேட்டருக்கு (பார்வையாளர் பக்கம்) தள்ளிடுங்க. இது ஆட்டத்துலயே இருக்கிற செட்டிங், தனி ப்ளகின் வேண்டாம். ஆட்டத்துல இருக்கிறவங்களுக்கு, பக்கம் மாறும்போது யாராவது கேட்டா இடத்தைக் கொடுத்துடணும்னு விதி எழுதுங்க. ப்ளகின் வெச்சு வலுக்கட்டாயமா மாத்த வேண்டாம். நல்லா ஆடிட்டிருக்கிறவரை ரவுண்டு நடுவுல தூக்கினா சண்டைதான் வரும்.

டீம் ஸ்க்ராம்பிள் (ஆளுங்களைக் கலைச்சு மறுபடி பிரிக்கிறது) நடந்தா ஒரே பக்கம் மூணு ஸ்னைப்பர் சேர்ந்துடலாம். மூணாவதா ஸ்பான் ஆகிறவரை (களத்துல பிறக்கிறவரை) ப்ளகின் வேற கிளாஸுக்குத் தள்ளும். காரணம் தெரியாம அவர் திணறுவார். ரவுண்டு ஆரம்பத்துல சாட்ல ஒரு வரி வரட்டும்: "இந்த மேப்பில் டீமுக்கு 2 ஸ்னைப்பர், 2 ஸ்பை. இடம் வேண்டுமானால் பக்கம் மாறும்போது கேளுங்கள்." அதுக்கு மேல நீளமா எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

ஹண்ட்ஸ்மேனுக்கு இந்த ப்ளகின்ல வழி இல்லை, அது கிளாஸை மட்டும்தான் பாக்கும். வில்லை விலக்கித் துப்பாக்கியை மட்டும் எண்ணணும்னா, கையில இருக்கிற ஆயுதத்தைப் பாத்து எண்ணுற மாதிரி தனியா ஸ்க்ரிப்ட் எழுதணும். ரீசப்ளை அலமாரியைத் தொட்டாலே ஆயுதம் மாறிடும், அந்த ஒவ்வொரு மாற்றத்தையும் பிடிக்கணும். வில்லோட ஸ்பான் ஆகி, அலமாரிக்குப் பக்கத்துலயே நின்னு துப்பாக்கிக்கு மாறிட்டு ஓடுறவங்க கண்டிப்பா வருவாங்க. இப்போதைக்கு 2 வெச்சு ஆரம்பிங்க. ரெண்டுல ஒருத்தர் வில்லோட வண்டிகூட ஓடினா, அந்த நேரத்துக்கு மட்டும் அட்மின் கையால 3 ஆக்கி, அவர் போனதும் 2-க்குக் கொண்டு வாங்க.

சிவப்புப்புள்ளி:

இது எனக்கும் சம்மதம். பேட்வாட்டர்ல தாக்குற பக்கம் ஸ்பைக்கு 2 போட்டதுதான் பெரிய மாற்றம் கொடுக்கும், முதல் வாரமே பாருங்க. இன்ஜினியருக்கும் தாக்குற பக்கம் மட்டும் 2 போட்டுடுங்க. காக்கிற பக்கம் இன்ஜினியர் 3 வரைக்கும் விடலாம்.