பழைய கச்சேரி கேசட் கீச்சிடுகிறது, என்ன செய்யலாம்?

1989இல் ஒரு ராக் கச்சேரியில், சட்டைக்குள் ஒளித்து வைத்த சின்ன ரெக்கார்டரில் பதிந்த சி-90 (90 நிமிட) கேசட். பாட்டை விடப் பக்கத்தில் நின்ற நண்பன் கத்துவதுதான் அதிகம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

போன மாதம் போட்டுப் பார்த்தேன். 20 நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது, அப்புறம் கீச்சென்று சத்தம், வேகமும் தள்ளாடுகிறது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாயிற்று. முன்னும் பின்னும் முழுதாக ஒருமுறை ஓட்டினேன். நாடாவைக் கழற்றி, திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டுக்கும் மாற்றினேன் (கை நடுங்கிவிட்டது). வேறு பிளேயரிலும் இதே கதை. மற்ற கேசட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. ஹெட்டில் பழுப்புத் தூள் எதுவும் படியவில்லை.

பூச்சு பிசுபிசுத்துப்போன பழைய ரீல் நாடாக்களுக்குச் செய்வது போல இதையும் மிதமான சூட்டில் வைத்து எடுக்கலாமா, கூடாதா?