5 வருட லிக்விட் கூலர்: பேஸ்ட்டா, பம்ப்பா?

இரவுஆந்தை: கம்ப்யூட்டரில் ரைசன் 5 3600 பிராசஸர் சிப், அதைக் குளிர்விக்க 240 எம்எம் ரேடியேட்டர் வைத்த லிக்விட் கூலர். ஒரு வாரமாக, விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் திரையிலேயே 80 டிகிரி காட்டுகிறது, கேம் திறந்தால் 95ஐத் தொட்டு அணைந்தே போகிறது. ஃபேன் சுற்றுகிறது, தூசியும் தட்டிவிட்டேன். சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் பேஸ்ட்டை மாற்றினால் போதுமா?

ஸ்குரூடிரைவர்: ஒரே வாரத்தில் பேஸ்ட் இப்படிக் காயாது. இரண்டு குழாயையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று சுட்டு மற்றது சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் ஓடவில்லை. பம்ப் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எவ்வளவு?

இரவுஆந்தை: 2700 காட்டுகிறது. ஆனால் ஒரு குழாய் கொதிக்கிறது, மற்றது பச்சைத்தண்ணீர் மாதிரி. காதை வைத்தால் கடகடவென்று சத்தம் வேறு.

பழையபோர்டு: அப்போ கூலர் போச்சு. பம்ப் சுற்றினாலும் சிப்பின் மேல் உட்காரும் செப்புத் தகட்டின் மெல்லிய இடுக்குகளில் கசடு அடைத்திருக்கும், குழாய் வழியாக வருடக்கணக்கில் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறைந்திருக்கும். சீல் செய்தது, திறந்து சரிசெய்வதெல்லாம் வீண் வேலை. கழற்றும்போதுதான் கவனம்: பத்து நிமிடம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடம் வலமாகத் திருகி எடுங்கள். உங்கள் சிப் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்க எதுவும் கிடையாது, நேராக இழுத்தால் கூலரோடு சேர்ந்து வந்துவிடும். எனக்கு வந்தது, சிப்பின் அடியில் வளைந்த பின்களை பிளேடு நுனியால் நிமிர்த்தவே ஒரு ராத்திரி ஆனது.

ஸ்குரூடிரைவர்: இது 65 வாட் சிப்தானே, மறுபடி தண்ணீர் எதற்கு? ஒரு நல்ல ஏர் கூலரே தாராளம். புதுக் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீர்கள், அப்புறம் இதே கேள்வியோடு திரும்ப வருவீர்கள்.