குவாரித் தண்ணீரை வாய்க்காலில் விடலாமா

மாமா: [படம்]

மாமா: இதைப் பாருங்கோ. குவாரிக் கிடங்கில் நின்ற தண்ணீரை மோட்டர் வைத்து இரவிரவாக எங்கள் வாய்க்காலுக்குள் இறைத்திருக்கிறார்கள். சாம்பல் கரைத்த மாதிரி ஓடுகிறது. கேட்டால் மழைத்தண்ணீர்தானே ஐயா என்கிறார்கள்.

சின்னம்மா: அது நேரே குளத்துக்குத்தானே போகும். மாடு குடிக்கிற தண்ணீர்!

அக்கா: தம்பி, நீ சுரங்கத் தண்ணீர் சுத்திகரிக்கிற இடத்தில்தானே வேலை. சுண்ணாம்பு போட்டால் சரிவரும் என்று முன்பு சொன்னாய், மாமாவுக்கு விளக்கமாகச் சொல்லு.

தம்பி (சட்பரி, கனடா): இப்பதான் ஷிப்ட் முடிந்து வந்தேன் அக்கா. சுண்ணாம்பு இங்கத்தைய தண்ணீருக்குத்தான் மருந்து. இங்கே நிக்கலும் செம்பும் கந்தகத்தோடு சேர்ந்த பாறையில் இருக்கின்றன, அதை உடைத்துக் காற்றும் தண்ணீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகி உலோகத்தைக் கரைத்துக்கொண்டு வரும். அதனால் சுண்ணாம்புப் பாலை விட்டு, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் எண்ணை 9, 10க்குக் கிட்ட ஏற்றுகிறோம், கரைந்திருந்த உலோகம் கூழ் மாதிரித் திரண்டு பெரிய குளங்களின் அடியில் படியும், பிறகு மேல் தண்ணீரின் பிஎச்சைக் கொஞ்சம் இறக்கித்தான் வெளியே விடுவோம். கனடாச் சட்டப்படி அது 6க்கும் 9.5க்கும் இடையில் இருக்க வேண்டும்.

தம்பி (சட்பரி): அதோடு முடியாது. வெளியே விடுகிற தண்ணீரில் எதையும் கலக்காமல் வானவில் டிரவுட் மீனை 96 மணித்தியாலம் விட்டுப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் செத்தால் அந்தத் தண்ணீர் சட்டப்படி நஞ்சு.

மாமா: அப்ப எங்கள் தண்ணீரில் என்ன இருக்கு மருமகன்?

தம்பி (சட்பரி): எங்கள் ஊர்ப் பக்கத்துக் கருங்கல்லில் பொதுவாக அந்தளவு கந்தகம் இராது, என்றாலும் பிஎச் பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் காண்கிற சாம்பல் நிறம் கல்தூள். வாய்க்காலை அடைக்கும், வயலில் படிந்தால் மேல்மண் இறுகும். எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாததில்தான் மாமா. வெடிமருந்தில் அமோனியம் நைத்திரேற்று இருக்கிறது, வெடிக்காமல் மிஞ்சியது தண்ணீரில் அப்படியே கரைந்துவிடும். தூள் எல்லாம் படிந்து தண்ணீர் தெளிந்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, கைக்குழந்தைகளுக்கு அது கூடாது. கிணறு பக்கத்தில் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

சின்னம்மா: அம்மம்மா குடத்துக்குள் தேத்தாங்கொட்டை உரைத்துவிடுவாவே, அப்படி ஏதும் போட்டால் தூள் படியாதா?

தம்பி (சட்பரி): படியும் சின்னம்மா, நாங்கள் ஊற்றுகிற மருந்தும் அதே வேலைதான் செய்கிறது, சின்னத் துகள்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துக் கனமாக்கும். முதலில் ஒரு போத்தலில் எடுத்து ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கோ. விடிய அடியில் படிந்திருந்தால் மருந்தே தேவையில்லை, நீளமான கிடங்கு இரண்டு வெட்டி ஒன்றில் இருந்து மற்றதற்கு மெதுவாக வழியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வெளியே எடுத்தால் தூளுக்கு அது போதும், நைத்திரேற்று மட்டும் இதில் போகாது. அந்தச் செலவு குவாரிக்காரருடையது, எங்களுடையது இல்லை. அடியில் படிகிற சேற்றைத் திரும்ப வாய்க்கால் கரையில் கொட்டவும் விடக்கூடாது.

அக்கா: அதற்கு அனுமதி எடுக்க வேண்டாமா?

தம்பி (சட்பரி): இலங்கையில் கல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் உரிமம், அதற்கு மேல் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். அதில் தண்ணீரை எப்படி விட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருப்பார்கள். பிரதேச செயலகத்தில் பிரதி கேளுங்கோ.

மாமா: சண்டைக்குப் போகாமல் கமக்காரர் அமைப்பு மூலம் எழுத்தில் கொடுப்போம். தண்ணீரையும் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும், எங்கே எடுப்பது?

தம்பி (சட்பரி): மூன்று போத்தல். ஒன்று மோட்டர் குழாய் வாயில், ஒன்று அது வாய்க்காலில் விழுகிற இடத்துக்குக் கீழே, மற்றது கட்டாயம் அந்த இடத்துக்கு மேலே, குவாரித் தண்ணீர் கலக்க முன்பு. மேலே எடுக்காவிட்டால் வாய்க்கால் முன்பே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள். இடமும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கோ, வெயிலில் வைத்திருந்தால் நைத்திரேற்று அளவு மாறிவிடும்.

மாமா: சரி, கிராம சேவையாளரையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவர் முன்னால் எடுத்தால் நல்லது.

சின்னம்மா: ஐஸ் பெட்டி என்னிடம் இருக்கிறது, காலையில் வந்து எடுங்கோ.